ஒரு குறையும் சொல்லாத பெட்டி

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் ஓடு. ஒரு முனையில் யு.எஸ்.பி. பின், மறு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வால். வீட்டில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்ற நினைக்கிறவர்கள் முதலில் வாங்குவது இதைத்தான். நல்ல ஹோட்டலில் நாலு பேர் சாப்பிடுகிற காசுக்குக் கிடைத்துவிடும். நானும் வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அதன் பெருமைகளை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதனிடம் இல்லாத குணம் எதையும் இங்கே ஏற்றிச் சொல்லப்போவதில்லை. இருக்கிறதைச் சொன்னாலே போதும்.

முதலில் சொல்ல வேண்டியது அதன் பொறுமை. மூன்று மணி நேரக் கேசட் ஒன்றை அதன் வழியே ஓட்டினேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. படம் நன்றாக வந்தபோதும் எரிந்தது. படம் கிழிந்து புள்ளி புள்ளியாகக் கொட்டியபோதும் எரிந்தது. நாடா தீர்ந்து வெறும் திரை வந்தபோதும் அதே வெளிச்சம். உயர்வு தாழ்வு பார்க்காத மனம் அதற்கு. அந்த மனத்தை நம்பித்தான் எங்கள் ஆச்சியை அதன் கையில் ஒப்படைத்தேன்.

1991 ஆவணியில் அம்பாசமுத்திரத்தில் அக்காவுக்குக் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். தோளில் கேமராவும், பின்னால் பெரிய லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையனுமாக வீடியோக்காரர் வந்தார். அந்த லைட் திரும்பின பக்கமெல்லாம் பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். மொத்தம் இரண்டு கேசட். முதல் கேசட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம் போன பிறகு பந்தி வரும். ஆச்சி கையில் நெய்க் கிண்ணத்தோடு இலை இலையாகப் பார்த்துக்கொண்டே வருவாள். கேமராவுக்கு நேரே வந்ததும் நிற்பாள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஆளின் முகத்தைத் தேடி, "எய்யா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்பாள். இரண்டு விநாடி. கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவாள்.

1994-இல் ஆச்சி போய்விட்டாள். போட்டோ இரண்டு இருக்கிறது. குரல் என்று எங்களுக்கு மிஞ்சியது அந்த இரண்டு விநாடிதான்.

கேசட்டை ஏற்றுவது என்றால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பெட்டியின் அருமை புரியும். வி.எச்.எஸ். நாடா 12.7 மி.மீ. அகலம். மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் ஏறக்குறைய 258 மீட்டர் நாடா சுருண்டிருக்கும். கேசட்டை ஓட்டுகிற டெக்குக்குள் ஒரு உருளை நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் பக்கவாட்டில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் இரண்டு ஹெட். ஒவ்வொரு ஹெட்டும் நாடாவைச் சாய்வாகத் தடவிச் செல்லும்போது அரைப் படம் கிடைக்கும். ஒற்றை வரிகள் ஒரு அரை, இரட்டை வரிகள் ஒரு அரை. விநாடிக்கு 50 அரை, சேர்த்தால் 25 முழுப் படம். இந்தியாவில் நாம் பார்த்த பால் முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, கண்ணுக்குத் தெரிவது 576.

நாடா வயதாக ஆகத் தளரும், சுருங்கும். அதனால் ஒவ்வொரு வரியும் இம்மி முந்தியோ இம்மி பிந்தியோ வரும். பழைய குழாய் டிவி இதை மன்னித்துவிடும். வரி எப்போது வருகிறதோ அப்போது வரைந்துகொள்ளும். பெட்டிக்குள் இருக்கிற சில்லு அப்படி இல்லை. அது கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வரிகள் மிகவும் தடுமாறினால் அதற்குப் பிடி நழுவும். பிடி நழுவினால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். இதைத்தான் பிரேம் டிராப் என்கிறார்கள். நழுவாமல் பிடிப்பதற்கும் நழுவியதைச் சொல்வதற்கும் செலவு ஆகும். என் பெட்டி இரண்டு செலவையும் மிச்சம் பிடித்துத்தான் அந்த விலைக்கு என்னிடம் வந்திருந்தது.

அதன் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே ஓட்டுக்குள், இதே மூன்று வாலோடு, குறைந்தது நாலு வகைச் சில்லுகள் சந்தையில் உலவுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர். உள்ளே எது இருக்கிறது என்று வெளியில் எழுதியிருக்காது. கூடவே கை அகலத்தில் ஒரு சின்ன சி.டி. என் மடிக்கணினியில் சி.டி. போட இடமே கிடையாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பெட்டியின் அடையாள எண்ணைப் பார்த்து, அதை வைத்துச் சில்லு எதுவென்று கண்டுபிடித்து, அதற்கு உரிய டிரைவரைத் தேடிப் பிடிக்க ஒரு சனிக்கிழமை போனது. தான் யார் என்று சொல்லிக்கொள்ளாத பிறவியை மனிதர்களிலேயே நான் அதிகம் பார்த்ததில்லை. லினக்ஸ் கெர்னலை எழுதுகிறவர்கள் இந்த வகைச் சில்லுகள் பலவற்றுக்கு டிரைவர் எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். செய்து விற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

டிரைவர் சேர்ந்ததும் படம் வந்தது. நிறம் இல்லாமல், மேலும் கீழும் உருண்டுகொண்டு வந்தது. கூட வந்த சாஃப்ட்வேர், கேட்காமலே அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறைக்குத் தன்னை வைத்திருந்தது. அங்கே 525 வரி, விநாடிக்கு 30-க்குச் சற்றுக் குறைவான படம். ஒரு இடத்தில் பால் என்று மாற்றியதும் அக்காவின் அரக்குப் பட்டு நிறத்தோடு வந்து நின்றது. அந்தக் கணம் நான் அடைந்த சந்தோஷம் உண்மையானது. அதை மறைக்க மாட்டேன். உடனே பதிவு பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. எத்தனை பிரேம் போகிறது, ஒலி எங்கிருந்து வருகிறது, என்ன தரத்தில் சேமிக்கிறது என்று எந்தக் கேள்வியும் கேட்டு என்னைச் சிரமப்படுத்தவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, "பதிவு வெற்றிகரமாக முடிந்தது" என்று எழுதிக் காட்டியது.

திறந்து பார்த்தேன். நாகஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிக்கிறார். கேட்பது எங்கள் வீட்டு மின்விசிறி. தவில்காரர் கை பறக்கிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. கணினி, வெளியிலிருந்து வருகிற ஒலியை விட்டுவிட்டுத் தன் சொந்த மைக்கையே எடுத்துக்கொண்டிருந்தது. தன் வீட்டுப் பிள்ளை மேல் தாய்க்கு இருக்கிற பற்று அது. மூன்று மணி நேரமும் அந்தப் பற்று தளரவில்லை. எங்கள் அறையில் அன்றைக்கு நடந்ததை அவ்வளவு துல்லியமாக யாரும் பதிந்திருக்க முடியாது.

ஒன்றே முக்கால் மணிக்கு ஆச்சி வந்தாள். நின்றாள். முகத்தைத் தூக்கினாள். வாய் அசைந்தது. விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

படத்தையாவது உருப்படியாக எடுத்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அங்கேதான் அந்த சாஃப்ட்வேரின் சிக்கனம் தெரிந்தது. இரண்டு அரைப் படத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தூக்கிப்போட்டுவிட்டு, இருக்கிற வரியை இழுத்து நிரப்பியிருந்தது. விநாடிக்கு 50 அசைவு 25 ஆனது. அட்சதை விழுகிற இடத்தில் பாதி அரிசி கீழே வந்து சேரவே இல்லை. இரண்டு அரையையும் அப்படியே வைத்திருந்தால் பின்னால் நல்ல கருவியைக் கொண்டு பிரித்து, 50 அசைவையும் மீட்டிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கிப்போட்டதை யாராலும் மீட்க முடியாது. மூன்று மணி நேரக் கல்யாணத்தைச் சுருட்டி ஒரே டிவிடியில் அடங்குகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. ஊரைக் கூட்டிச் செய்த கல்யாணத்தை இத்தனை குறைந்த இடத்தில் முடிக்க எங்கள் அப்பாவால்கூட முடிந்திருக்காது.

ஒலிக்கான அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டு, இரண்டாம் தடவை கேசட்டைப் போட்டேன். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாகஸ்வரம் கேட்டது. தொடக்கத்தில் வாயும் பேச்சும் பொருந்தியே போயின. ஒரு மணி நேரம் ஆனபோது முகூர்த்தம். பிறகு கோப்பைப் போட்டுப் பார்க்கையில், அத்தான் தாலியைக் கட்டி முடித்து, மூன்றாம் முடிச்சையும் அவருடைய தங்கை போட்டு முடித்து, எல்லோரும் கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு கெட்டிமேளம் முழங்கியது. 24 விநாடி தாமதம்.

கணக்கு எளிது. ஒரு மணி நேரத்துக்கு 90,000 பிரேம். அதில் 600 நழுவினால் 24 விநாடி. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நழுவிய இடத்தில் முந்தைய படத்தையே மறுபடி வைத்து இடத்தை நிரப்பியிருந்தால், படம் கொஞ்சம் குதித்திருக்கும், ஒலி பொருந்தியிருக்கும். பெட்டியும் அதன் சாஃப்ட்வேரும் அப்படிப் பொய்யாக நிரப்பவில்லை. இல்லாததை இல்லை என்று அப்படியே விட்டு, அடுத்ததை இழுத்து ஒட்டிவிட்டன. ஒலி மட்டும் தன் முழு நீளத்துக்கும் ஓடியது. 600 தடவை நழுவியபோதும் அந்த நீல விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நழுவுவது எந்தக் கருவிக்கும் நேரும். பழைய நாடா, தடுமாறத்தான் செய்யும். நழுவியதைச் சொல்லியிருந்தால் பத்தாவது நிமிஷத்தில் டெக்கை நிறுத்தியிருப்பேன்.

நிறுத்தவில்லை. கேசட் ஓடியது. முகூர்த்தம் தாண்டி, ஆசீர்வாதம் தாண்டி, பந்திக்கு வந்தது. ஆச்சி நெய்க் கிண்ணத்தோடு இலை வரிசையில் திரும்பினாள். டெக்குக்குள் கரக் என்று ஒரு சத்தம். படம் சாய்ந்து, மடங்கி, போய்விட்டது. எஜெக்ட் பொத்தானை அமுக்கினால் கேசட் பாதி வந்து நின்றது. மூடிக்கு அடியில் நாடா ஒரு முழம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

டெக்கையும் கேசட்டையும் அப்படியே துணியில் கட்டித் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு அண்ணாச்சி இன்னும் டெக் பார்க்கிறார். கடை என்று சொல்ல முடியாது, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் இவர் நிறுத்தவில்லை. கேசட்டின் அடியில் இருக்கிற ஐந்து திருகையும் கழற்றி ஓட்டைப் பிரித்தார். சுருளின் விளிம்பில் வெள்ளையாக மாவு பூத்த மாதிரி இருந்தது. பூஞ்சணம்.

"எத்தனாவது ஓட்டு தம்பி இது?"

"ரெண்டாவது அண்ணாச்சி."

"மொத ஓட்டுலயே ஒழுங்கா ஏத்தியிருக்கணும். முப்பது வருசம் சுருண்டு கெடந்த நாடா. மொதத் தடவ ஓடயில என்ன குடுக்கோ, அதான் அது குடுக்கிற நல்லது. பொறவு உதிரத்தான் செய்யும்."

அவர் ஹெட் துடைத்த விதத்தை நான் மறக்கவில்லை. மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்து உருளையின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டார். மற்ற கையால் உருளையை மெதுவாகச் சுற்றினார். தோலை மேலும் கீழும் தேய்க்கவே கூடாதாம். ஹெட்டின் முனை நகத்தை விட மெல்லியது, ஒடிந்துவிடும். பஞ்சு குச்சி வைத்தால் நூல் மாட்டி இழுக்கும். தோல் கறுப்பாக வந்தது. அதைக் காட்டி, "இது பூராம் ஒங்க அக்கா கல்யாணம்தான்" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

நாடாவை இழுக்கிற ரப்பர் உருளை காய்ந்து கல்லாகியிருந்தது. அதனால்தான் நாடா சுற்றிக்கொண்டது. வேறு ஒரு செத்த டெக்கிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டார். மடங்கின இடத்தை விரலால் நீவி நீவிச் சரிப்படுத்தினார். கீழ்ப் பாதியில் ஒரு கோடு நின்றுவிட்டது. "மேல் ஓரத்துல சத்தம் இருக்கும், அது பொழைச்சுக்கிட்டு. படம்தான் அந்த எடத்துல கிழியும்" என்றார். வி.எச்.எஸ். நாடாவில் ஒலித் தடம் மேல் ஓரமாகவும், ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற தடம் கீழ் ஓரமாகவும் போகிறது. ஆச்சியின் குரல் மேல் ஓரத்தில் இருந்தது.

இனி சோதனைக்கு அந்தக் கேசட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பிடித்த கேசட் ஒன்று கிடந்தது. அதை வைத்துத்தான் எல்லாச் சோதனையும். வீட்டில் கேசட் வைத்திருக்கிற யாருக்கும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது. போனாலும் பரவாயில்லை என்கிற கேசட்டில் பத்துத் தடவை தவறு செய்யுங்கள். போகக் கூடாத கேசட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.

பெட்டியோடு வந்த சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு வெர்ச்சுவல்டப் போட்டேன். ஏவெரி லீ என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. பார்க்க அழகாக இருக்காது. ஓரத்தில் ஒரு பட்டியலில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை பிரேம் வந்தது, எத்தனை நழுவியது, நழுவிய இடத்தில் எத்தனையை நிரப்பியது, ஒலிக்கும் படத்துக்கும் எத்தனை மில்லிவிநாடி வித்தியாசம். பத்து நிமிஷத்தில் 112 நழுவியது என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் வந்தது கோபமில்லை, நன்றி. முதல் தடவையாக ஒரு கருவி என்னிடம் உண்மை பேசியது.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். பெட்டியும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரே யு.எஸ்.பி. ஹப்பில் இருந்தன. பிரித்தேன். யு.எஸ்.பி. போர்ட்டுகளை மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காகத் தூங்கவைக்கிற அமைப்பு ஒன்று இருந்தது. அணைத்தேன். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எழுதப்படுகிற கோப்பை வரி வரியாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. அக்கா கல்யாணத்தில் கிருமி இல்லை என்று அதற்கு உறுதியாகிற வரை டிஸ்க் காத்திருந்தது. அந்தக் கடமை உணர்ச்சியைப் பாராட்டி, பதிவு நடக்கிற நேரத்துக்கு அதற்கு ஓய்வு கொடுத்தேன். 112 என்பது 19 ஆனது.

இன்னொன்று, கோப்பின் அளவு. சுருக்காமல் எடுத்தால் 720 புள்ளி, 576 வரி, புள்ளிக்கு இரண்டு பைட், விநாடிக்கு 25 படம். பெருக்கினால் விநாடிக்கு 20.7 எம்.பி., மணிக்கு 75 ஜி.பி. பென் ருடியாக்-கூல்ட் எழுதிய ஹஃப்யுவ் என்கிற கோடெக், ஒரு புள்ளியையும் இழக்காமல் இதைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும். அதற்கே என் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒத்துக்கொள்ளவில்லை. கடையிலிருந்து வந்தபடி ஃபேட் 32 முறையில் இருந்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது. எட்டாவது நிமிஷம் முடிகிற சமயத்தில் டிஸ்க் போதும் என்று கையை எடுத்துவிட்டது. 500 ஜி.பி. காலியாக வைத்துக்கொண்டு, நாலோடு திருப்தி அடைகிற மனசு. என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றின பிறகுதான் அதற்குப் பசி எடுத்தது.

மிச்சமிருந்த 19-ஐ எப்படியாவது போக்க வேண்டும் என்று, பத்து மடங்கு விலையில் வேறு ஒரு பெட்டி வாங்கினேன். பெயர் பெற்ற கம்பெனி. சோதனைக் கேசட் ஒரு பிசிறில்லாமல் ஏறியது. அதை நம்பி மூன்றாம் தடவை கல்யாணக் கேசட்டைப் போட்டேன். மாப்பிள்ளை அழைப்பு முடிகிற இடத்தில் திரை உறைந்தது. "இந்தப் படம் காப்புரிமைப் பாதுகாப்புப் பெற்றது, பதிவு செய்ய இயலாது" என்று எழுதியது.

கடையில் விற்ற சினிமாக் கேசட்டுகளில் மேக்ரோவிஷன் என்று ஒரு பூட்டு போடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற வரிகளுக்கு வெளியே, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில், பொய்யான மின்துடிப்புகளைக் கலப்பார்கள். பதிவு செய்கிற கருவியின் வெளிச்சக் கணக்கு அதனால் குழம்பும். புதுப் பெட்டிகள் அந்த அடையாளத்தைப் பார்த்ததும் நின்றுவிடுகிற மாதிரிச் செய்யப்பட்டவை. தளர்ந்த நாடாவின் தடுமாற்றமும் அதே இடைவெளியில் அதே மாதிரி தெரிவது உண்டு. என் அக்காவின் கல்யாணத்தில் முப்பது வருஷத் தேய்மானம் இருந்தது. பெட்டி அதைப் பூட்டு என்று நினைத்தது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தின் உரிமையை எங்களிடமிருந்தே காப்பாற்றியது. சட்டத்தை மதிப்பதில் அதைக் குறை சொல்ல இடமே இல்லை. அந்தத் தடவையும் நாடா ஓடியது, உதிர்ந்தது.

வழி காட்டியது கடைசியில் அண்ணாச்சிதான். படத்தின் ஓரம் வளைந்து வளைந்து வருகிறதா, கதவு நிலை நேராக நிற்கிறதா என்று கேட்டார். வளைகிறது என்றேன். அப்படியானால் நடுவில் ஒன்று வேண்டும் என்றார். டைம்பேஸ் கரெக்டர் என்று அதற்குப் பெயர். முந்திப் பிந்தி வருகிற வரிகளைப் பிடித்து நிறுத்தி, வரிசையாக்கி, ஒரே தாளத்தில் அனுப்பும். ஸ்டுடியோக்களில் இருந்த தனிக் கருவி. வீட்டில் அவ்வளவுக்குப் போக முடியாது. ஆனால் இருபது வருஷத்துக்கு முந்தைய டிவிடி ரெக்கார்டர்களில் சில, தங்கள் வழியே படத்தை ஓடவிட்டாலே இந்த வேலையை ஓரளவு செய்யும். அத்தான் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தது. தட்டு திறக்காது, டிவிடி எழுதாது, யாரும் சீந்தாமல் கிடந்தது. டெக்குக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே அதை வைத்தேன். சோதனைக் கேசட்டில் கதவு நிலை நேராக நின்றது. ஒரு மணி நேரம் ஓட்டினேன். நழுவிய பிரேம்: 0.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-இலேயே எச்சரித்தது, 2025-க்குள் ஏற்றாத நாடாக்களில் பெரும்பாலானவை நிரந்தரமாகப் போய்விடும் என்று. யுனெஸ்கோவும் 2019-இல் உலகம் முழுக்க மணி அடித்தது. நாடா கெடுவது மட்டும் காரணம் இல்லை. ஓட்டுகிற டெக் இருக்காது, அதைப் பார்க்கிற ஆள் இருக்க மாட்டார். அவர்கள் பேசியது பெரிய காப்பகங்களைப் பற்றி. பீரோவில் புடவைக்கு அடியில் கேசட் வைத்திருக்கிற வீடுகளுக்கு அந்த மணி கேட்டிருக்காது. அந்த வீடுகளுக்கு முதலில் வந்து சேர்வது எளிமையும் அமைதியும் ஒற்றைப் பொத்தானும் கொண்ட இந்தக் கறுப்புப் பெட்டி. நாடாவின் முதல் ஓட்டம், அண்ணாச்சி சொன்ன அந்த நல்ல ஓட்டம், அதற்குத்தான் போகிறது.

நாலாம் தடவை கல்யாணக் கேசட் ஓடியது. மூன்று மணி நேரமும் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பந்திக்கு வந்தபோது அண்ணாச்சி நீவிவிட்ட இடம் ஓடியது. இரண்டு விநாடியும் திரையில் வெள்ளைக் கோடுகள். ஆச்சியின் சேலை ஓரம் தெரிந்தது, முகம் இல்லை. அந்தக் கோடுகளுக்கு உள்ளேயிருந்து, "எய்யா, நீ சாப்பிட்டியா?" என்று தெளிவாகக் கேட்டது.

ஆக, குரல் நாலாம் ஓட்டத்தில் இருக்கிறது. முகம் முதல் ஓட்டத்தில், அந்த முதல் கோப்பில், பாதி வரிகளோடு, மின்விசிறிச் சத்தத்தோடு இருக்கிறது. உலகத்தில் அந்த முகம் அசைவதாக இருப்பது அந்தக் கோப்பில் மட்டும்தான். என் பெட்டியைப் பற்றி இதையும் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

இரண்டையும் எடிட்டிங்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். விசிறி ஒலியை நீக்கிவிட்டு, குரலை முகத்துக்குக் கீழே நகர்த்தினேன். "எய்யா"வில் உதடு விரிகிற பிரேமைப் பிடித்துப் பொருத்தினேன். அடுத்த சொல் பொருந்தவில்லை. எண்ணிப் பார்த்தேன். இரண்டு விநாடிக்கு 50 பிரேம் இருக்க வேண்டும். 43 இருந்தது. "நீ" என்பதற்கும் "சாப்பிட்டியா" என்பதற்கும் நடுவில் ஏழு பிரேம் இல்லை. அந்தப் பதிவின் கீழே, "பதிவு வெற்றிகரமாக முடிந்தது" என்ற வரி தேதியோடு அப்படியே இருக்கிறது.

"நீ"யில் இருக்கிற முகத்தை எடுத்து ஏழு தடவை அடுக்கி இடத்தை நிரப்பினேன். கால் விநாடிக்குச் சற்று மேல். ஆச்சி அந்த நேரம் அசையாமல் நிற்கிறாள், குரல் மட்டும் கடந்து போகிறது, பிறகு உதடு மறுபடி அசைகிறது.

அக்காவுக்கு அனுப்பினேன். மூன்று தடவை பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். அழுதிருந்தாள், குரலில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "ஏல, ஆச்சி நடுவுல ஏன் ஒரு நிமிசம் பேச்சு வராம நிக்கா?"